கல்மேல் கல் வைக்க வேண்டா

நன்மை பெருகுக. காற்று நேர்படுக. கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க.

ஏழ்துறைக்கும் உடையவரும், முத்துச் சலாபங்களின் தலைவரும், செம்மணல் நாட்டை வெயிலும் மிகாமல் மழையும் குறையாமல் காத்து வருபவருமாகிய மாட்சிமை மிக்க கடலரையர் திருமுன்பு, வடகோடிக் கடலில் பனிக்கும் நெருப்புக்கும் நடுவே கிடக்கும் வெண்முடித் தீவின் அரசி ஆஸ்தா பிராட்டியாரின் ஆணைப்படி, அவர்தம் தலைமை அமைச்சன் ஹால்வார் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குளங்களும் யானைக்கூடங்களும் அரண்மனைப் பிள்ளைகளும் நலமே என்னும் செய்தியை ஒவ்வொரு கப்பலும் கொண்டுவருகிறது, கேட்டு மகிழ்ந்தோம். எங்கள் நலம் எவ்வாறு என்று சென்ற ஓலையில் தாங்கள் வினவியிருந்தீர்கள். அதற்கு மறுமொழியாகவே இவ்வோலை எழுதப்படுகிறது. சற்று நீளும், பொறுத்தருள்க.

பனையே முளைக்காத நாட்டிலிருந்து பனையோலை வருவதைக் கண்டு அவையோர் நகைக்கலாம். முதற்கப்பலில் தாங்கள் அனுப்பிய பரிசில்களில் மிஞ்சிய ஏடுகள் இவை. இந்த அமைச்சன் இளமையில் தங்கள் துறைமுகத்தில் நான்கு ஆண்டு உலர்மீன் விற்றவன். அங்கே கடைத்தெருவில் கற்ற மொழியில் எழுதுகிறான். சொற்குற்றம் இருந்தால் பழியைக் குளிரில் விறைத்த விரல்கள்மேல் போடுக. பொருட்குற்றம் இருந்தால் அது முழுவதும் அவனுடையது. அதை அவன் மறுக்கப் போவதில்லை.

செய்தி ஒரு பெண்ணைப் பற்றியது. பெயர் சிக்னி, வயது ஐம்பதுக்கு இரண்டு குறைவு, பாசிமேட்டின் வழிக்காவலர். அவளைப் பற்றிச் சொல்லுமுன் பாசிமேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் துறைமுகமாகிய வளைதுறைக்கும், பதினெட்டுக் குடும்பங்கள் வாழும் அப்பாற்பள்ளம் என்னும் பள்ளத்தாக்குக்கும் இடையே ஒரு நாள் நடைத்தொலைவு விரிந்து கிடப்பது அந்த மேடு. நெருப்புமலை எந்தக் காலத்திலோ கக்கி ஆறிப்போன கரும்பாறை. அதன்மேல் முழங்கால் ஆழத்துக்குப் பாசி. மரம் கிடையாது, புதர் கிடையாது, எத்திசை நோக்கினும் ஒரே தோற்றம். மூடுபனி நினைத்தபோது இறங்கும். இறங்கிவிட்டால் நீட்டிய கையின் விரல் தெரியாது. ஆகவே நானூறு ஆண்டுகளுக்கு முன் எம் முன்னோர் முப்பது அடிக்கு ஒன்றாக இடுப்புயரக் கற்குவைகளை அந்த வழி நெடுகிலும் எழுப்பினர். ஒவ்வொரு குவையிலும் ஒரே ஒரு கல் மட்டும் வெளியே துருத்தி நிற்கும். பனியில் அகப்பட்டவர் அக்கல்லைக் கையால் தடவி, அது காட்டும் திசையில் முப்பது அடி எண்ணி நடப்பார்; அடுத்த குவை கையில் தட்டுப்படும். இப்படியே குருடர் சுவரைப் பிடித்து நடப்பதுபோல மேட்டைக் கடந்து வீடு சேர்வார். குவை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நடப்பதே எங்கள் பழக்கம். நின்று யோசிப்பவரைக் குளிர் தின்றுவிடும்.

அந்தக் குவைகளுக்காக ஒரு சட்டமும் உண்டு. முற்காலத்தில் இரண்டு குலத்தார் பகை கொண்டு, ஒருவர் எழுப்பியதை மற்றவர் இடித்து, அதனால் பலர் மேட்டில் மாண்டனர். அன்றைய அரசர் சினந்து, எவர் எழுப்பிய கற்குவையாயினும் அதைக் கலைப்பவர் வழிப்போக்கரைக் கொன்றவராகவே எண்ணப்பட்டு நாடு நீங்குக என்று ஆணையிட்டார். நல்ல சட்டம். அன்று முதல் அதை மீறியவர் ஒருவரும் இல்லை.

இனி, தங்கள் கப்பல்கள் இங்கு வந்த வரலாறு. எட்டு ஆண்டுகளுக்கு முன் நெருப்புமலை வாய் திறந்து சாம்பலைக் கொட்டியது. புல் கருகியது, ஆடுகள் மூச்சு முட்டிச் செத்தன, தீவே பட்டினியின் வாசலில் நின்றது. அப்போது இந்த அமைச்சனுக்கு ஓர் எண்ணம் உதித்தது. அழித்த மலையையே காட்சியாக்கினால் என்ன என்று அரசியாரிடம் விண்ணப்பித்து, ஏழு கடல் நாடுகளுக்கும் அழைப்போலை எழுதினான். கோடையில் கண்ணயராத சூரியனையும், குளிர்காலத்து வானில் ஆடும் பச்சை ஒளியையும், பூமியிலிருந்து கொதித்துப் பீறிடும் ஊற்றுகளையும் அவன் அதில் வருணித்த வருணனை அபாரம். அரண்மனையில் எல்லோரும் அவனை மெச்சினார்கள்; அவனும் தலைகால் புரியாமல் திரிந்தான்.

முதல் ஆண்டு மூன்று கப்பல்கள் வந்தன. ஊரே துறைக்கு ஓடிப்போய் வாயெல்லாம் பல்லாக வரவேற்றது. மிஞ்சியிருந்த ஆடுகளிலும் பலவற்றை அடித்து விருந்து வைத்தோம். இரண்டாம் ஆண்டு பன்னிரண்டு. சென்ற கோடையிலோ, ஆறாயிரம் பேர் வாழும் இத்தீவில் அறுபதினாயிரம் பேர் இறங்கினர்.

மன்னர் பெருமானே, தங்கள் குடிகள் தீயவர் அல்லர். அவர்கள் சிரித்த முகத்தோடு வந்தார்கள், கனிவாகப் பேசினார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு வெல்லம் தந்தார்கள். ஒருவர் பாசியின்மேல் கால் வைத்தால் அத்தடம் மறைய எழுபது ஆண்டு ஆகும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் சொல்லவில்லை, விருந்தினரிடம் இங்கே கால் வைக்காதே என்று சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. இன்று மேட்டின் கீழ்ப்பாதி மொட்டைப் பாறையாகிவிட்டது. செம்மூக்குப் பறவைகள் கூடு கட்டும் செங்குத்துப் பாறையில் ஆள் ஏறாத இடமில்லை. இரண்டு ஆண்டாகப் பறவைகள் வரவில்லை.

மக்கள் கெட்டதைச் சொல்வதா? வளைதுறையின் வெந்நீர்க் குளத்தில் மாலைதோறும் ஊரார் கழுத்தளவு அமர்ந்திருப்பது எங்கள் தொன்றுதொட்ட வழக்கம். ஊர்ச்சண்டை முழுவதும் அங்கேதான் தீரும். வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் கோபமாக இருக்க யாராலும் முடியாது. இப்போது அக்குளத்தில் எங்களுக்கு இடமில்லை. அப்படியே இடம் கிடைத்தாலும், கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர் முன்னிலையில் மனைவியோடு சமாதானம் பேச எவனுக்கு வாய் வரும்? சண்டையிட்டவர்கள் சண்டையோடே உறங்கப் போகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மலையிலிருந்து செம்மறிகளை இறக்கும் திருநாளை, கப்பல் வரும் நாள்தோறும் நடத்திக் காட்டுகிறோம். அதே நாற்பது ஆடுகளை ஏற்றி ஏற்றி இறக்குகிறோம். ஆடுகளுக்கே அலுத்துவிட்டது. துறைமுகத்தார் தம் வீடுகளை விருந்தினருக்கு விட்டுவிட்டு, மீன் உலர்த்தும் கொட்டகையில் பாய் விரிக்கிறார்கள்.

இவையெல்லாம் பொறுக்கத் தக்கவை என்றே இந்த அமைச்சன் எண்ணியிருந்தான். பொறுக்கத் தகாதது கற்களால் வந்தது.

நான்காம் ஆண்டு, தங்கள் நகரத்து வணிகர் ஒருவரின் மனைவி, நெடுநாள் பிள்ளையில்லாதவர், பாசிமேட்டைக் காண வந்தவர், எங்கள் குவைகளைப் பார்த்துத் தாமும் மூன்று கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேண்டிக்கொண்டாராம். அடுத்த ஆண்டே அவருக்குப் பிள்ளை பிறந்தது. அவ்வளவுதான், வெண்முடித் தீவில் கல் அடுக்கினால் நினைத்தது நடக்கும் என்ற பேச்சு ஏழு துறைகளிலும் பரவியது. அதன்பின் வந்தவர் ஒவ்வொருவரும் கல் அடுக்கினர்.

எங்கள் பேதைமையைக் கேளுங்கள். நாங்கள் அதைக் கண்டு உருகிப்போனோம். எங்கிருந்தோ வந்த அயலார், பனியில் தவிக்கும் எங்கள் வழிப்போக்கருக்காக இரங்கி, சொந்தக் கையால் குவை எழுப்புகிறார்கள் என்று எண்ணினோம். கல் அடுக்குவதற்கு இத்தீவில் வேறு பொருள் கிடையாது. அரசியார் கண் கலங்கி, முதலில் அடுக்கிய இருபது பேருக்குக் கம்பளிப் போர்வை பரிசளித்தார். போர்வையைப் பெற்றவர்கள் இன்னும் பெரிதாக அடுக்கினார்கள். துருத்தி நிற்கும் கல் பார்க்க அழகாயிருக்கிறதென்று அதையும் விடாமல் வைத்தார்கள், தம் கண்ணுக்கு எத்திசை அழகாகப் பட்டதோ அத்திசை நோக்கி. மேட்டில் மிக அழகான திசை, பெரும்பிளவும் அதில் விழும் அருவியும் இருக்கும் திசை.

முதலில் விழித்துக்கொண்டவள் சிக்னி. அவளுக்கு அவ்வழியின் ஆயிரத்துச் சொச்சம் குவைகளும் ஒவ்வொன்றும் பழக்கம். எது சாய்ந்தது, எதில் வெள்ளைக் கல் உண்டு, எதை அவள் பாட்டன் எழுப்பினான் என்பதெல்லாம் கையாலேயே அறிவாள். உயரமானவள், பேச்சு குறைவு, கோபம் வந்தால் அந்தக் குறைந்த பேச்சும் நின்றுவிடும். அவள் மும்முறை அரண்மனைக்கு வந்தாள். முதல்முறை, மேட்டில் தான் அறியாத குவைகள் முளைக்கின்றன என்று முறையிட்டாள். இந்த அமைச்சன் சிரித்து, கூடுதல் குவை இருந்தால் கூடுதல் நன்மைதானே என்றான். அடுத்த ஆண்டு வந்து, அவை பிளவை நோக்கி வரிசை கட்டுகின்றன, கலைக்க ஆணை வேண்டும் என்றாள். அவன் சட்டத்தை எடுத்துக் காட்டினான். இவ்வாண்டுக் கோடையின் நடுவில் வந்தபோது அவள் கையில் அந்த மேட்டின் வரைவு இருந்தது. மெய்க்குவை ஒன்றுக்குப் பொய்க்குவை ஒன்பது என்று கணித்திருந்தாள். கப்பல்கள் நிற்கும் நேரத்தில் விருந்தினர் மனம் கோணும்படி எதையும் செய்யலாகாது, பருவம் முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தான். அவள் வணங்காமல் போனாள். அது அவனுக்கு அன்று மரியாதைக் குறைவாகப் பட்டது.

அதன்பின் நாற்பதாம் நாள், அப்பாற்பள்ளத்திலிருந்து, மேடு கடந்தும் கேட்கும் பெருங்கொம்பின் ஓசை வந்தது. மூன்று நீள ஊதல் என்றால் அங்கே ஒருத்திக்கு இடுப்புவலி கண்டிருக்கிறது, மருத்துவச்சி வரவேண்டும் என்று பொருள். மருத்துவச்சி குன்வோர், சிக்னியின் ஒரே மகள், இருபத்தாறு வயதுக்காரி. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். தாய்க்கு அன்று வேலை மேட்டின் வடக்கே. இருவரும் வாசலில் பேசிக்கொண்டது, போய்வருகிறேன் என்பதும் சரி என்பதும்தான். நண்பகலில் பனி இறங்கியது. குன்வோர் அஞ்சியிருக்க மாட்டாள்; குவையைத் தடவி, முப்பது அடி எண்ணி நடந்திருப்பாள், சிறுமியாய் இருந்தபோது தாய் கற்றுத் தந்தபடியே.

பனி விலக இரண்டு நாள் ஆயிற்று. கொம்பு முதல்நாள் முழுவதும் ஊதிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் காலையில் நின்றுவிட்டது. இடுப்புவலி கண்ட அந்தப் பெண்ணும் வயிற்றுப் பிள்ளையும் மாண்டார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். மூன்றாம் நாள் சிக்னி மகளைத் தேடிச் சென்றாள். வழியின் நடுவில் ஒரு பொய்க்குவையின் அருகே நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, துருத்திய கல்லைத் தடவி நடக்கத் தொடங்கினாளாம். உடன் சென்றவர்கள் சொன்னார்கள். பதினேழு குவைகள், ஒன்றிலிருந்து மற்றொன்று ஏறக்குறைய முப்பது அடியில். எங்கள் அளவைப் பார்த்து அத்தனை நேர்த்தியாக வைத்திருந்தார்கள். பதினேழாவது குவை பிளவின் விளிம்பில் நின்றது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். அங்கே குன்வோர் கிடந்தாள்.

மகளை அடக்கம் செய்த மறுநாள் சிக்னி மேட்டுக்குப் போனாள். ஒன்பது நாள் அவள் இறங்கி வரவில்லை. குவை குவையாகத் தள்ளிக்கொண்டே போனாள்; கைகள் கிழிந்தன, தள்ளினாள்; கால்கள் தளர்ந்தன, மண்டியிட்டுத் தள்ளினாள். எம்மவர் ஒருவரும் தடுக்கவில்லை. தங்கள் குடிகள்தாம் பதறி ஓடிவந்து முறையிட்டார்கள். புதிதாக மணந்த ஓர் இளம் இணையர், தங்கள் வேண்டுதலை ஒரு பித்துப்பிடித்தவள் உதைத்துத் தள்ளிவிட்டாள் என்று இந்த அமைச்சன் முன் நின்று அழுதார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொன்னான். அதைச் சொன்ன வாயை அவன் இன்றும் வெறுக்கிறான்.

முறையீடு வந்துவிட்டால் சட்டம் நடந்தே தீரவேண்டும். சிக்னியை அவைக்கு அழைத்து வந்தார்கள். கைகளில் துணி சுற்றியிருந்தது. அவை நிரம்பி, வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேரும் அவள் பக்கம். சட்ட நூலைப் புரட்டிப் புரட்டி இந்த அமைச்சன் ஒரு விலக்கைக் கண்டுபிடித்திருந்தான். கலைக்கப்பட்ட குவை எந்த வீட்டுக்கும் வழி காட்டாதது என்று வழிக்காவலர் சத்தியம் செய்து ஆணையிட்டுச் சொன்னால், அது குவையே அன்று, குற்றமும் இல்லை. அவன் அதை உரக்கப் படித்துவிட்டு, தள்ளிய அனைத்தும் பொய்க்குவைகளே என்று ஆணையிடுவாயா எனக் கேட்டான். ஆம் என்ற ஒரு சொல் போதும். சொல், சொல் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. அரசியார் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

சிக்னி, ஆணையிட முடியாது என்றாள். முதல் மூன்று நாள் தான் தள்ளியவை யாவும் பொய்யானவை, அதில் ஐயமில்லை என்றாள். நான்காம் நாளிலிருந்து தனக்கே தெரியவில்லை என்றாள். வந்தவர்கள் பழைய குவைகளிலிருந்து கல்லை உருவிப் புதியவற்றில் வைத்திருக்கிறார்கள், பழையவற்றின் துருத்திய கல்லையும் தம் விருப்பம்போல் திருப்பியிருக்கிறார்கள், ஆகவே கையால் தடவினால் எல்லாமே ஒன்றுபோல இருந்தது என்றாள். சுனையருகே தான் தள்ளிய குவையின் அடியில் ஒரு வெள்ளைக் கல் கிடைத்ததாகவும், அது தன் பாட்டன் வைத்த கல்லாக இருக்கக்கூடும் என்றும், இல்லாமலும் இருக்கக்கூடும் என்றும் சொன்னாள். இறுதியாக, இனி அந்த மேட்டில் யாரும் நடக்க வேண்டா, தன்னை நம்பியும் நடக்க வேண்டா என்று கேட்டுக்கொண்டு, சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய்யும்படி கூறி நின்றுவிட்டாள். அவையில் யாரோ விம்மும் ஓசை கேட்டது. அது யார் என்று திரும்பிப் பார்க்க இந்த அமைச்சனுக்குத் துணிவு வரவில்லை.

சட்டத்தை மாற்றலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். அவையிலும் பலர் கேட்டார்கள். மறுத்தவள் சிக்னியே. தான் கலைத்தவற்றுள் ஒன்றாவது மெய்க்குவையாக இருந்தால், அது இல்லாததால் நாளை ஒருவர் வழிதவறி மாண்டால், தானும் பதினேழு குவை வைத்தவர்களைப் போன்றவள்தான் என்றாள். அரசியார் நாடு நீங்கும் தீர்ப்பைக் கூறினார். கூறிவிட்டு, முடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மறுநாள் இரண்டு ஆணைகள் பிறந்தன. நானூறு ஆண்டு நடந்த வழி மூடப்பட்டது. அப்பாற்பள்ளத்தின் பதினெட்டுக் குடும்பங்களும் படகேறி வளைதுறைக்கு வந்துவிட வேண்டும். வந்தால் தங்கக் கொட்டகைகளே உண்டு, வீடு இல்லை. மூன்றாவதாக ஓர் ஆணையும் எழுதப்பட்டது: இனி எந்நாட்டுக் கப்பலும் இங்கு வரலாகாது என்பது. எழுதி முத்திரை இடுமுன் துறைமுகத்தார் திரண்டு வந்து அரண்மனை வாசலில் அமர்ந்துவிட்டனர். காட்டுவதற்கான அந்த நாற்பதைத் தவிர ஆடு இல்லை, வலை பின்னத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன, பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் விருந்தினரை அழைத்துப்போய்க் காட்டுவது ஒன்றே. கப்பலை நிறுத்தினால் குளிர்காலத்தில் எதைத் தின்போம் என்று கேட்டனர். அவர்களில் குன்வோரைத் தூக்கிப்போனவர்களும் இருந்தார்கள். இந்த அமைச்சன் அந்த ஓலையை அடுப்பில் இட்டான்.

ஆதலால் மன்னர் பெருமானிடம் கப்பல்களை நிறுத்தும்படி எங்களால் கேட்க இயலவில்லை. வரும் கோடைக்கு ஐந்நூறு கப்பல்கள் புறப்படும் என்று அறிகிறோம். அவை வரும், நாங்களும் துறைக்குச் சென்று வரவேற்போம். வேண்டுவது ஒன்றே. கலம் ஏறுமுன் தங்கள் குடிகள் ஒவ்வொருவருக்கும், வெண்முடித் தீவில் கல்மேல் கல் வைக்க வேண்டா என்று பறையறைந்து சொல்லச் செய்க. நடந்துபோன தீங்கு அதனால் தீராது. மூடிய வழியும் திறக்காது. ஆயினும் சொல்லச் செய்க.

அரசி ஆஸ்தா பிராட்டியார் முடி சூடிய பதினோராம் ஆண்டு, முதற்பனி விழுந்த நான்காம் நாள், வளைதுறை அரண்மனையில், இவ்வோலை சுருட்டப்பட்டு, நீல நூலால் கட்டப்பட்டு, அரக்கில் வெண்முடி முத்திரை இடப்பட்டது. இப்பருவத்தின் கடைசிக் கப்பலில் இது வருகிறது. வழியில் எவரும் பிரிக்கலாகாது. கொண்டுவருபவரை எத்துறையிலும் தடுக்கலாகாது. இது அரசியாரின் ஆணை.

இதைத் தங்கள் திருமுன்பில் தன் கையால் நீட்டுபவள் சிக்னி. நாடு நீங்கியவளுக்கு ஒதுங்க ஓரிடம் தந்தருள்க. எங்கள் தீவு எத்துணை அழகானது என்று அங்கே ஒருவரும் அவளிடம் கேட்காதிருக்கக் கட்டளையிட்டருள்க.